மழைக்குக் கூரை போட்டவர்

செடி வாடிச் சாகிறபோது பக்கத்தில் நின்று, ஒரு வாய் தண்ணீர் ஊற்றாமல், கடைசி வரைக்கும் பார்த்து முடிக்கிற மனசு எல்லோருக்கும் வராது. எனக்கு வராது. எங்கள் வீட்டுக்காரருக்கு நிச்சயமாக வராது. ரோட்டோரத்தில் யாரோ நட்டுவிட்டுப் போன வேப்பங்கன்றுக்குக்கூட வண்டியை நிறுத்தி, குடிக்க வைத்திருக்கிற பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வருகிற ஆள் அவர். மேடத்துக்கு அந்த மனசு இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொப்பியை நெற்றி வரைக்கும் இறக்கிவிட்டு, உச்சி வெயிலில் உளுந்துச் செடி முன்னால் நிற்பார். பரீட்சை ஹாலில் வாத்தியார் நிற்பது மாதிரி இருக்கும். பிள்ளை முழிப்பது தெரியும், விடையும் தெரியும், ஆனால் சொல்லமாட்டார்.

பயிர் ஆராய்ச்சி செய்கிறவர். கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருந்தார். பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குத் தினமும் ஸ்கூட்டரில் வந்து போவார். எங்கள் காட்டில் ஒரு மூலையை அவர் ஆராய்ச்சிக்கு விட்டிருந்தோம். காடு என்றால் மரம் மட்டையெல்லாம் இல்லை. வானம் பார்த்த கரிசல் நிலத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். முதல்நாள் வந்து மண்ணை ஒரு முழத்துக்குத் தோண்டி, உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, “இதுதான் எனக்கு வேணும்” என்றார். எங்கள் மண்ணைப் பார்த்து இவ்வளவு ஆசையாகப் பேசிய வெளியூர்க்காரர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் செருப்பில் ஒட்டியதைக் கழுவத் தண்ணீர் கேட்பார்கள்.

ஊரில் அவருக்குச் ‘செடி டாக்டர்’ என்று பேர் வைத்தார்கள். பேரில் டாக்டர் இருக்கிறதே என்று ஒரு பெரியம்மா முட்டுவலிக்கு மருந்து கேட்டு வந்துவிட்டார். மேடம் அவரை வரப்பில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, “இலை மஞ்சளானா சொல்லுங்க, மருந்து தர்றேன்” என்றார். பெரியம்மா சிரித்து மாய்ந்துபோனார். அப்புறம் ஊர் வாட்ஸப் குரூப்பில் மேடத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மிளகாயில் சுருட்டை, மக்காச்சோளத்தில் புழு என்று ஆளாளுக்குப் போட்டோ அனுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் போடுவார். அவர் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். என்ன சொல்ல வருகிறேன் என்பதே எனக்கு எழுத எழுதத்தான் பிடிபடுகிறது.

நான் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். அதனால் கூடமாட உதவிக்கு என்னை வைத்துக்கொண்டார். சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்துத் தூக்குவாளியைக் கழுவிய தண்ணீரை, சும்மா கீழே போவதுதானே என்று, ஓரத்தில் தலை தொங்கிக் கிடந்த ஒரு செடிக்கு ஊற்றிவிட்டேன். மேடம் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. எழுந்து வந்து அந்தச் செடியை வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டார்.

“ஏன் மேடம், அது என்னத்தப் பண்ணிச்சு?” என்று கேட்டேன்.

“அது ஒண்ணும் பண்ணல செல்வி. ஆனா இனிமே அது சொல்றத நம்ப முடியாது.”

எனக்குக் குப்பென்று கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, “சரியான ராட்சசி, நாளையிலேருந்து நான் போமாட்டேன்” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, அதுதான் அவரிடம் இருந்த சங்கடம். செத்த செடிகளைச் சாயங்காலம் தோண்டி எடுத்து, ஒரு தட்டில் வைத்து, வேரில் இருக்கிற மண்ணை நுனிவிரலால் ஒவ்வொரு இழையாகக் கழுவுவார். கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற பக்குவம் அதில் இருக்கும். உயிரோடு இருந்தபோது ஒரு சொட்டு கொடுக்காதவர் செத்த பிறகு இப்படிக் கழுவுகிறாரே என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

“நல்லா இருக்கறப்போ எல்லாமே நல்ல செடிதான் செல்வி. ஒண்ணும் இல்லாதப்போ அது என்ன பண்ணுதுன்னு பாக்கணும்” என்பார். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ. உளுந்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ரகம் போட்டிருந்தார். வெயில் ஏறியதும் சில செடிகள் இலையைச் சாய்த்து மடக்கி அமைதியாகிவிடும். “பாரு, கடையைச் சாத்திடுச்சு. கெட்டிக்காரி” என்பார். சில செடிகள் மத்தியானம் வரைக்கும் இலையை விரித்துக்கொண்டு ஜம்மென்று நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். “இது ஊதாரி, இருக்கறத எல்லாம் இன்னைக்கே செலவு பண்ணிடும்” என்பார். அந்த வாரக் கடைசியில் அது கருகிப்போயிருக்கும்.

காட்டுக்குள் இருக்கும்போது அவரும் தண்ணீர் குடிக்கமாட்டார். தாகம் தாங்கமுடியாமல் போனால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேலிக்கருவைப் புதர் மறைவுக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். ஏன் மேடம் இந்த ஒளிவு மறைவு என்று கேட்டதற்கு, “அதுங்க முன்னாடி குடிக்க ஒரு மாதிரியா இருக்கு” என்றார். கிண்டலாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கணவர் எங்கே என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒருநாள் வேலைக்கு நடுவில் மகள் போனில் அழுதாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. சாப்பாடு பிடிக்கவில்லையாம், கூட இருக்கிற பிள்ளைகள் பேசமாட்டேன் என்கிறார்களாம், வந்து கூட்டிப்போ என்கிறாள். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாரும்மா” என்று வைத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “மேடம், அது செடியில்ல, பெத்த பிள்ள. ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்தா கொறஞ்சா போவிய?” என்று கேட்டேவிட்டேன்.

“போனா கூட்டிட்டு வந்துடுவேன் செல்வி. அதான் போகல” என்றார். அன்றைக்கு அவர் கொண்டுவந்த சாப்பாட்டை நாய்க்குத்தான் போட்டார்.

அந்தப் பிள்ளை சமாளித்துக்கொண்டது. லீவில் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தது. நல்ல மரியாதை, நல்ல படிப்பு. சாப்பிட உட்கார்ந்ததும் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கையை மடக்கிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றால், “போதும் ஆன்ட்டி” என்றது. பசி அடங்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்கு அதுகூடத் தெரியாதா? மேடம் பக்கத்தில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏன் இப்படி என்று ஒரு தடவை அவரே சொன்னார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம், வாய்க்கால் கரையில் பிறந்தவர். “எங்க ஊர்ல வாய்க்கால் வறண்ட வருஷம், எங்க நெல்லு ஒரு வாரம்கூடத் தாங்கல. அப்பாவும் அப்படித்தான். நிலத்தை வித்துட்டு டவுன்ல மாடி வீட்ல உக்காந்து டிவி பாத்துக்கிட்டே போய்ச் சேந்தாரு. எப்பவும் கெடைச்சிக்கிட்டே இருந்ததால, இல்லாம இருக்கப் பழகல.” அதைச் சொல்லும்போதும் கண் செடி மேல்தான் இருந்தது.

இனி அந்தக் கூரையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவர் தேடியது, பூத்த பிறகு வானம் ஒரு சொட்டுகூடத் தராவிட்டாலும் காய் பிடிக்கிற உளுந்து. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பூத்த பிறகு மழை படக்கூடாது. எங்கள் பக்கம் மழை எப்போது வரும், எப்போது ஏமாற்றும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, கீழே சக்கரம் வைத்து, ஒரு கூரை செய்தார். சின்னத் தண்டவாளத்தில் அது ஓடும். வெயில் அடிக்கும்போது ஓரமாக நிற்கும். தூறல் விழுந்தால் தள்ளிக்கொண்டுபோய்ச் செடிகளுக்கு மேல் நிறுத்த வேண்டும். கரிசல் காய்ந்தால் வெடிக்குமல்லவா, பக்கத்துக் காட்டுத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக அடியில் வந்துவிடும் என்று சுற்றிலும் அகழி வெட்டிப் பிளாஸ்டிக் தாளைப் புதைத்தும் வைத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. மணியாச்சி ஜங்ஷன் வரைக்கும் டிக்கெட் எவ்வளவு என்று எங்கள் வீட்டுக்காரரே கேலி பண்ணினார்.

முதல் வருஷம் கார்த்திகையில் மழை வந்தபோது நானும் வீட்டுக்காரரும் மேடமும் சேர்ந்து அதைத் தள்ளினோம். எனக்குக் கை கூசியது. மழைக்கு ஏங்கியே வளர்ந்தவள், வருகிற மழையை என் கையாலேயே மறைக்கிறேன். வீட்டுக்காரர் வாய்க்குள் ஏதோ சாமியைக் கும்பிட்டுக்கொண்டே தள்ளினார். இரண்டாம் வருஷமும் தள்ளினோம். அந்த இரண்டு வருஷத்தில் பாதிக்கு மேல் ரகங்களைக் கழித்துக்கட்டிவிட்டார். மிச்சம் சில வரிசைதான்.

மூன்றாம் வருஷம் ஆரம்பத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார். “இதுல ஒண்ணுதான் செல்வி நான் தேடறது. எதுன்னு இந்தத் தடவை தெரிஞ்சிடும். காய் முத்தற வரைக்கும் ஒரு சொட்டு படக்கூடாது. பட்டா எல்லாம் ஒண்ணுபோல காய்ச்சிடும், எது தாங்குச்சுன்னே தெரியாமப் போயிடும். ஆபீஸ்ல இதுதான் கடைசி வருஷம்னு சொல்லிட்டாங்க.”

அந்த வருஷம் விதைப்புக்கு ஒரு நல்ல மழை பெய்தது. ஊரெல்லாம் உளுந்தும் பாசியும் போட்டோம், முளைத்து வந்தது. அதோடு சரி. ஐப்பசி முழுக்க ஒன்றுமில்லை. கிழக்கே கறுக்கும், ஆடுமாட்டைக் கொட்டிலுக்கு ஓட்டுவோம், கறுத்தது நாகலாபுரம் பக்கமாக நழுவிப் போய்விடும். கார்த்திகை பிறந்து பயிர் பூவெடுக்கிற நேரத்தில் மண் பிளந்து, கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் போனது. காட்டுக்குப் போய் என்ன செய்யவென்று பெண்கள் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிக் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஊரில் ஒருவரும் ஒருவரோடும் சரியாகப் பேசவில்லை. மேடம் மட்டும் வழக்கம்போல வந்தார். அவருக்கு வேண்டிய வருஷம் அதுதானே. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் ஊருக்குக் கண் இல்லையா?

எங்கள் காட்டுக்குக் கிழக்கே காடு வைத்திருக்கிறவரைக் கீழப்புஞ்சை அண்ணாச்சி என்போம். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். அவர்தான் முதலில் கூரையைப் பற்றிப் பேச்சை எடுத்தார். கோயில் முன்னால் ஊர் கூடி மேடத்தை வரச்சொன்னார்கள். வந்தார்.

“மேடம், நான் படிக்காதவன். தப்பா நெனைக்காதிய” என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். “வாசலுக்கு வந்தவன ரெண்டு வருசமா கதவச் சாத்தி அனுப்பிருக்கிய. மூணாவது வருசம் அவன் எதுக்கு இந்தத் தெருப்பக்கம் வரணும்? அந்தக் கூரையைக் கழத்திருங்க.”

“இந்த வருஷம் அதை நான் தொடவே இல்லையே அண்ணாச்சி. அப்பவும் நான் மறைச்சது இத்துனூண்டு இடம்.”

“மரியாதக் கொறவு இத்துனூண்டுன்னா அது மரியாதக் கொறவு இல்லியா?”

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே ஒரு கணம் அது நியாயமாகத்தான் பட்டது. மேடம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “அறுவடை வரைக்கும் விடுங்க. அப்புறம் நானே கழட்டிடறேன். இதுல ஒரு விதை கிடைச்சா அது உங்களுக்குத்தான், எனக்கில்ல” என்றார். மேடம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழை பொய்த்துப்போனால் எங்கள் பக்கம் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். யாரோ ஒரு பெரும்பாவி செய்த காரியத்தால்தான் மழை நின்றுபோனது என்று கணக்கு. வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் செத்தவீடு மாதிரி மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டு பின்னால் போவோம். ஊர் எல்லையில் வைத்துக் கொளுத்துவார்கள். அந்தப் பொம்மைக்கு எப்போதும் முகம் கிடையாது. இன்னார் என்று கிடையாது. அதனால்தான் எல்லோரும் சேர்ந்து அழ முடிந்தது.

அந்த வருஷம் பொம்மைக்குத் தொப்பி போட்டிருந்தார்கள்.

பனையோலையில் முடைந்து, முழுக்கைச் சட்டை மாட்டி, கழுத்தில் ஒரு கயிற்றில் அடையாள அட்டை மாதிரி ஒரு அட்டையையும் தொங்கவிட்டிருந்தார்கள். ஊரில் தொப்பி போடுகிற ஆள் ஒருவர்தானே. ஒப்பாரி வரிசையில் முன்னால் நின்ற நான் அதைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். தெருவில் அழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அதை எவனோ வீடியோ எடுத்து ஊர்க் குரூப்பில் போட்டிருக்கிறான். மேடமும் அந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பது ஒருத்தனுக்கும் உறைக்கவில்லையா, உறைத்தேதான் போட்டானா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காட்டில் குனிந்து நின்றேன்.

“வீடியோவ முழுசாப் பாத்தேன் செல்வி” என்றார். “ரெண்டு மூணு தடவை பாத்தேன்.”

“விட்டுத் தள்ளுங்க மேடம். மூளையில்லாத பயலுவ. நான் பாதியிலயே வந்துட்டேன்.”

“பொம்மையைச் சொல்லல. பின்னாடி வந்தவங்களச் சொல்றேன். அண்ணாச்சி வீட்டம்மா அழுதாங்கல்ல, அது சும்மா சடங்குக்கு அழற அழுகை இல்ல. தொண்டை கட்டிப் போயும் அழுதாங்க.” அப்புறம் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் மூணு வருஷமா இந்த ஊருக்கு வர்றேன். அவங்களை நான் பாக்கவே இல்ல பாரு.”

எனக்கு அது நல்ல பேச்சாகத்தான் தோன்றியது. ஆறுதலாகக்கூட இருந்தது. அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

நாலைந்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் கிழக்கே கறுத்தது. வழக்கமான ஏமாற்று என்று நினைத்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சட்டென்று காற்று திரும்பி மண்வாசனை வந்தது. மேடம் போட்டது போட்டபடி கூரைப் பக்கம் ஓடினார். வீட்டுக்காரர் எங்கள் பயிருக்குள் நின்று அண்ணாந்து வாயைத் திறந்தபடி நின்றார். மேடம் கூப்பிட்டது அவர் காதில் ஏறவே இல்லை. நான் ஓடிப்போய் அந்தப் பக்கக் குழாயில் தோளைக் கொடுத்தேன். அந்த வருஷம் ஒரு தடவைகூட ஓடாததால் சக்கரம் துருவேறி, தண்டவாளத்தில் புழுதி அடைத்துக்கிடந்தது. முக்கி முனகி நகர ஆரம்பித்தது. முதல் சொட்டுகள் பிளாஸ்டிக் தாளில் பட்டுப் பட்டென்று விழுந்தன. இன்னும் கொஞ்சம் தள்ளினால் முதல் வரிசை மறைந்துவிடும்.

அப்போதுதான் ஊர் வந்தது. மழையைக் கண்டதும் ஆளாளுக்கு அவரவர் காட்டைப் பார்க்க ஓடிவந்தவர்கள், எங்களைக் கண்டு வரப்பில் நின்றுவிட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை. ஒருவரும் கூரையைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. தடுத்திருந்தால் மேடம் சண்டை போட்டுத் தள்ளியிருப்பார், எனக்குத் தெரியும். அண்ணாச்சி நனைந்துபோய் முன்னால் வந்தார். கையைக் கூப்பினார்.

“வேண்டாம் தாயி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்.”

மேடம் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சி வீட்டம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

மேடம் குழாயிலிருந்து கையை எடுத்தார்.

“மேடம், தள்ளுங்க” என்று கத்தினேன். “இன்னும் ஒரு எட்டுதான். தள்ளுங்க மேடம்.” நான் தனியாகத் தள்ளிப் பார்த்தேன். ஒற்றை ஆளுக்கு அது அசையவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றார். சோவென்று கொட்டத் தொடங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். அவர் மூன்று வருஷம் காயப்போட்டுக் காத்த வரிசைகள் எல்லாம் எங்கள் கண்முன்னே நனைந்தன. நான் ஒருத்திதான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் வந்து பார்த்தால் எல்லாச் செடியும் எழுந்து நிற்கிறது. ஊதாரி, கெட்டிக்காரி என்ற வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தார். அடுத்த வாரம் காய் பிடித்தது. எல்லாவற்றிலும் பிடித்தது. கொத்துக் கொத்தாகத் தொங்கியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்து, மேடத்தின் நல்ல மனசுக்குத்தான் இப்படிக் காய்த்திருக்கிறது என்றார்கள். அவர், “ஆமா, எல்லாம் நல்லாக் காய்ச்சிருக்கு” என்பார். பிறகு என்னிடம் மெதுவாக, “அதான் போச்சு” என்பார்.

பொங்கல் முடிந்து கோயிலில் அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வைக்கோல் பொம்மைக்குத் தொப்பி முடைந்தவர்கள்தான் சந்தனம் குங்குமம் கொடுத்தார்கள். ஒருவரையும் குறை சொல்லாமல், கும்பிட்டு வாங்கிக்கொண்டார். ஆபீசில் இன்னொரு வருஷம் கேட்டுப் பார்த்தாராம். கொடுக்கவில்லை. கூரையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்றைக்கு ஏன் கையை எடுத்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் சுமாராகப் பெய்தது. அதற்கடுத்து இரண்டு வருஷம் அடுத்தடுத்துப் பொய்த்தது. விதைப்பு மழையோடு சரி, பூக்கிற நேரத்தில் ஒரு சொட்டு கிடையாது. கொடும்பாவி இழுத்தார்கள். வரவில்லை. கீழப்புஞ்சை அண்ணாச்சி வீட்டம்மாவும் இப்போது தீப்பெட்டி ஆபீஸ் வேனில்தான் போகிறார். இந்த வயசில்.

போன மாதம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“தாயி, அந்த மேடம் நம்பர் ஒங்கிட்ட இருக்கா? பூத்த பொறவு தண்ணியில்லாம காய்க்கிற உளுந்து ஒண்ணு வச்சிருந்தாவள்லா. விதைக்கு ஒரு படி கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்.”

வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மேடம் குரலில் மாற்றமே இல்லை. முதலில் என் பிள்ளைகளை விசாரித்தார், பிறகு அண்ணாச்சி வீட்டம்மாவை. வேனில் வேலைக்குப் போவதாகச் சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன்.

“அந்த வரிசைகள்ல ஒண்ணு அதுவாத்தான் இருந்திருக்கும் செல்வி. எல்லாத்தோட விதையும் இங்க டப்பாவுல இருக்கு. எதுன்னுதான் தெரியல, திரும்பப் போட்டுப் பாக்க ஆபீஸ்ல விடல. தெரியறதுக்குள்ள மழை வந்துடுச்சு.”

அண்ணாச்சி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். “நான் அன்னைக்கு வேண்டாம்னு சொன்னதுனாலயா தாயி?”

“இல்ல அண்ணாச்சி. நீங்க கேட்டீங்க, அவ்வளவுதான். நான்தான் குடுத்துட்டேன்.”

போனை எடுத்து வைத்துவிட்டேன். அண்ணாச்சி செருப்பை மாட்டப் போனவர் மாட்டாமலே நின்றார்.

“என்ன நல்ல மனுஷி, தாயி” என்றார்.

“அன்னைக்கும் அவிய பொல்லாத மனுஷியாவே இருந்திருக்கலாம் அண்ணாச்சி” என்றேன்.